தந்தச் சீப்புக்கு விலை எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறன்று தங்கள் நாளிதழில் வந்த, பழங்காலத் தந்தச் சீப்புகளைப் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஆனால் அதன் கடைசிப் பத்தியில் வெளிநாட்டு ஏல விலையை ரூபாயில் கணக்கிட்டுப் போட்டிருந்தது மிகுந்த வருத்தம் அளித்தது. அன்று மாலையே எங்கள் ஊரில் இருவர், வீட்டுப் பரணில் கிடக்கும் சீப்பு தந்தமா எலும்பா, விற்றால் என்ன தேறும் என்று என்னிடம் கேட்டு வந்தார்கள்.

காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986ஆம் ஆண்டுத் திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தையும், 1991ஆம் ஆண்டுத் திருத்தம் ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தையும் தடை செய்துவிட்டன. எவ்வளவு பழைய சீப்பானாலும் இங்கே அதற்குச் சந்தை கிடையாது. சத்தியமங்கலம், ஆனைமலைக் காடுகளின் ஓரத்தில் வாழும் வாசகர்களிடம் தந்தத்துக்கு விலை சொல்வது யானைக்கு நல்லதன்று.

எழுத வேண்டியதோ வேறு நிறைய இருக்கிறது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள இலங்கைத் தந்தச் சீப்புகள் போன்றவற்றில், இருபுறமும் பற்கள் இருக்க, நடுப்பட்டையில் ஊடறுத்துச் செதுக்கிய பெண்ணுருவங்களும் கொடிகளும் நிற்கும். தந்தத்தின் நீளவாக்கிலேயே பற்களை அறுப்பார்கள். குறுக்கே அறுத்தால் இழை வெட்டுப்பட்டு, முதல் சிக்கிலேயே பல் ஒடிந்துவிடும். ஒருபுறம் அகலப் பல், மறுபுறம் நெருக்கப் பல் என்ற அதே அமைப்பு என் அமுச்சியின் (அம்மாவின் தாயார்) மரச் சீப்பிலும் இருந்தது. திண்ணையில் எங்களை உட்கார வைத்து, அகலப் பல்லால் சிக்கெடுத்துவிட்டு, நெருக்கப் பல்லால் பேன் வாருவார். அரண்மனைப் பொருளும் கொங்கு வீட்டுப் பொருளும் ஒரே வேலைக்கு ஒரே வடிவம் எடுத்திருப்பதைக் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

கீழடியிலும் தந்தச் சீப்பு கிடைத்திருப்பதால் இது நமக்கு இரவல் கலை அன்று. கேரளக் கடற்கரையின் பழைய துறைமுகமான முசிறியுடன் நடந்த வணிகத்துக்கான கி.பி. 2ஆம் நூற்றாண்டு ஒப்பந்தத் தாளில், கப்பல் சரக்காக யானைத் தந்தம் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் துறைமுகத்தைக் கிழக்கோடு இணைத்த பாலக்காட்டுக் கணவாய்ப் பாதை, பழங்கால வணிக ஊரான கொடுமணல் இருக்கும் நம் நொய்யல் ஆற்றின் கரை வழியே வந்தது.

பழைய சீப்பை வைத்திருப்பவர்கள் அதைப் புளியும் சோப்பும் போட்டுத் தேய்க்கக் கூடாது என்பதையாவது தாங்கள் எழுத வேண்டும். தலைமுறைகளின் தலையெண்ணெய் ஊறி வந்த அந்தத் தேன்நிறம் போனால் திரும்பாது. தந்தம் என்று ஐயம் எழுந்தால் தரகரைத் தேடாமல் வனத்துறை அலுவலகத்தை அணுகச் சொல்லுங்கள். அடுத்த முறை விலைக்கு ஒதுக்கும் இடத்தில், சீப்பின் இரு பக்கங்களையும் பல் எண்ணும் அளவுக்குப் பெரிய படமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
காங்கயம்.