ஜோடி வாங்க அவசரப்படாதே

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தது. பிள்ளைகள் கிளம்பிப் போனபிறகு வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்று போன தடவை எழுதியிருந்தாய். அந்த வீட்டுக்கு ஒரு லவ்பேர்ட் வந்திருக்கிறது என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மாடிப்படி ஏற முடிகிறது. மற்ற கதையெல்லாம் அப்புறம். உன் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

"தனியாக இருந்தால் ஏங்கியே செத்துவிடும் என்கிறார்களே, இன்னொன்றும் வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். இப்போது வேண்டாம் வசந்தி. ஜோடி இல்லாவிட்டால் செத்துப்போகும் என்பது வெறும் பேச்சு. கூட்டமாக வாழும் பறவை அது, துணை கட்டாயம் வேண்டும்தான். அந்தத் துணையாக நீயே இருக்கலாம். தினமும் சில மணி நேரம் அதன் பக்கத்தில் உட்கார உன்னால் முடியும். காலையில் போய் ராத்திரி திரும்புகிறவளாக இருந்தால் நானே இரண்டாவது வாங்கு என்பேன். உனக்கு அந்த நிலைமை இல்லை.

இன்னொன்றையும் யோசி. பச்சை உடம்பு, ரோஜா நிற முகம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வகையில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஓர் இறகை அனுப்பி டிஎன்ஏ பரிசோதனை செய்தால்தான் நிச்சயமாகத் தெரியும். தெரியாமல் இரண்டு பெண் பறவைகளை ஒரே கூண்டில் விட்டால் ரத்தம் வரக் கொத்திக்கொள்ளக்கூடும். புதிதாக வருவது நோயைக் கொண்டுவரவும் கூடும். குறைந்தது 30 நாள் தனி அறையில் வைத்துப் பார்க்காமல் சேர்க்கவே கூடாது. முதலில் இது உன்னிடம் பழகட்டும்.

மூலையில் ஒண்டிக்கொள்கிறது, கையை நீட்டினால் அலறுகிறது என்கிறாயே, அது பயம்தான். வேட்டையாடப்படும் உயிருக்குப் புது இடமும் புது முகமும் ஆபத்தாகத்தான் தெரியும். கூண்டின் ஒரு பக்கத்தைச் சுவரை ஒட்டி, உன் கண் மட்டத்தில் வை. முதல் சில நாள் கையை உள்ளே விடாதே. பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரை வாய்விட்டுப் படி. உன் குரல் பழகிய பிறகு கம்பி வழியாக ஒரு தினைக்கதிரை நீட்டிப் பிடி. எட்டி ஒரு மணியைக் கொத்திவிட்டுப் பின்வாங்கும். அன்றைக்கு அது போதும். கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காதே, கத்தாதே. நம் அலறலே அதற்கு விளையாட்டாகிவிடும்.

சாப்பிடுகிறதா என்பதைக் கிண்ணத்தை வைத்து முடிவு செய்யாதே. தானியத்தை உரித்துத் தின்றுவிட்டு உமியை அங்கேயே போடும். நிறைந்திருப்பது போலத் தெரியும், ஊதிப் பார்த்தால் அடியில் ஒன்றுமே இருக்காது. அதைவிட நம்பகமானது தராசு. கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கி, காலையில் சாப்பாட்டுக்கு முன் எடை பார்த்துக் குறித்துவை. பெரும்பாலும் 45 முதல் 60 கிராம் வரை இருக்கும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போ. பறவை தன் நோயைக் கடைசி வரை மறைக்கும். பகலிலும் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு தூங்குவது, கூண்டின் தரையில் உட்கார்வது, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குவது, எச்சத்தின் நிறம் மாறுவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதே.

உன் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது ஒரே ஒரு வரி: கூண்டு சமையலறை ஜன்னலோரம் இருக்கிறது என்பது. இன்றைக்கே மாற்றிவிடு. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை நமக்கு வாசனையாகக்கூடத் தெரியாது, பறவையைச் சில நிமிஷத்தில் கொன்றுவிடும். அதன் உடம்பில் நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு. மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் நுரையீரலுக்குள் புதுக்காற்று போய்க்கொண்டே இருக்கும். பறப்பதற்கு அமைந்த அந்த ஏற்பாடே விஷக்காற்றையும் வேகமாக உள்ளே கொண்டுபோகிறது. ஊதுவத்தி, கொசுவத்தி, ஸ்பிரே எதுவும் அந்த அறையில் வேண்டாம். வெளியே விடும்போது மின்விசிறியை நிறுத்து, ஜன்னல் கண்ணாடியைத் திரையால் மூடு.

தானியம் மட்டுமே போட்டால் வைட்டமின் ஏ குறைந்துபோகும். சூரியகாந்தி விதை கொழுப்பு ஏற்றும். பெல்லட் என்று கடையில் விற்கும் உருண்டைத் தீனிக்கு மெதுவாகப் பழக்கு, கேரட்டும் கீரையும் தினம் கொடு. அவகாடோ, சாக்லேட், காபி மூன்றும் அதற்கு விஷம். ராத்திரி 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும்.

இனி உனக்குப் பிடிக்கப்போகிற விஷயம். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்துப் பார். என்னிடம் இருப்பதும் உன் வகைதான். அது தாளின் ஓரத்தை அலகால் வரிசையாகத் துளைத்துக்கொண்டே போகும், நீளமாக ஒரு நாடா கழன்று வரும். கழுத்தைத் திருப்பி அதை முதுகின் அடிப்பக்கத்து இறகுகளுக்குள் செருகிக்கொள்ளும். கூட்டுக்கு நார் சுமக்கும் முறை அது. ஃபிஷர் லவ்பேர்ட் என்ற வேறு வகை அலகிலேயே தூக்கிப் போகும். வில்லியம் டில்கர் என்ற ஆய்வாளர் இரண்டையும் கலந்து குஞ்சு பொரிக்கவைத்து, அவை என்ன செய்கின்றன என்று பார்த்து 1962-ல் எழுதினார். அந்தக் கலப்புக் குஞ்சுகள் செருகப் பார்த்துத் தோற்றுக்கொண்டே இருந்தனவாம். அலகில் தூக்கிப் போகத் தேறுவதற்கு வருஷக்கணக்கில் ஆனது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

உன்னுடையதும் செருகினால் அது பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது கூட்டுப்பெட்டி வைக்காதே, முதுகைத் தடவாதே, தலையையும் கழுத்தையும் மட்டும் வருடிக் கொடு. துணை இல்லாமலே முட்டை இடும், முட்டை உள்ளே சிக்கினால் உயிருக்கே ஆபத்து. கணவாய் ஓடு ஒன்று கூண்டில் தொங்கட்டும், கால்சியம் கிடைக்கும்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10, 15 வருஷம் உன்னோடு இருக்கும். இந்த வாரமே பறவைகளைப் பார்க்கத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் காட்டி, எடையையும் அவர் சொன்னதையும் எழுது. பெயர் வைத்துவிட்டாயா? அதையும் எழுது.

அன்புடன்,
கல்யாணி