பல்குச்சியோடு முடிந்துவிட்ட மெரிடித்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பழைய கால்பந்து வீரர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வேல்ஸ்காரர் பில்லி மெரிடித் பல்குச்சியைக் கடித்துக்கொண்டே ஆடுவார், 49 வயதில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி ஆடினார் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அதெல்லாம் சரிதான், ஆனால் அந்த மனுஷன் செய்த பெரிய காரியம் அதில் இல்லை.

12 வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர் அவர். 1904 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் மான்செஸ்டர் சிட்டிக்குத் தலைவராக இருந்து, போல்டன் அணிக்கு எதிராக அந்த ஒரே கோலையும் அவரே போட்டார். கூட்டம் அள்ளும் ஆட்டக்காரர், ஆனால் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்பது அன்றைய விதி. லஞ்சப் புகாரில் சிக்கித் தடையும் வாங்கினார், அதை மறைக்க வேண்டியதில்லை. அப்புறம் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்குப் போனார். 1907 ஏப்ரலில் அதே அணியின் தாமஸ் பிளாக்ஸ்டாக் ஆட்டத்தில் பந்தைத் தலையால் முட்டிவிட்டு அப்படியே சரிந்து இறந்துபோனார். குடும்பத்துக்கு ஒரு காசு நஷ்டஈடு இல்லை. அந்த டிசம்பரிலேயே மெரிடித்தும் கூட்டாளிகளும் மான்செஸ்டரில் வீரர்கள் சங்கம் தொடங்கினார்கள். சங்கத்தை விட்டு விலகாவிட்டால் ஆட விடமாட்டோம் என்று 1909இல் இங்கிலாந்துக் கால்பந்து நிர்வாகம் மிரட்டியபோது மற்ற அணிக்காரர்கள் பெரும்பாலும் விலகுவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட, யுனைடெட் ஆட்கள் மட்டும் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று நின்றார்கள்.

இதை ஏன் வேலூர்க்காரன் நான் எழுதுகிறேன் என்றால், என் அக்கா மகன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் பூட்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு டோர்னமென்டுக்குக் கிளம்பிவிடுவான். போன வருஷம் ஒரு ஊரில் அரையிறுதியில் அவன் முட்டி ஜவ்வு கிழிந்தது. ஐஸ் கட்டியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். ஸ்கேன், ஆபரேஷன், நாலு மாசம் வேலை இல்லை, எல்லாம் அக்கா கழுத்துச் செயினை அடகு வைத்துப் பார்த்தது. கமிட்டியிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. ஆளுயரக் கோப்பைக்கும் பட்டாசுக்கும் பணம் இருந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு அணியிடமும் வாங்கும் என்ட்ரி பீஸிலிருந்து ஒரு பங்கை எடுத்து அன்றைய ஆட்டக்காரர்களுக்கு விபத்துக் காப்பீடு போடட்டும், அதை நோட்டீஸிலேயே அச்சடிக்கட்டும். போடாத போட்டிக்கு எங்கள் பையன்கள் போக வேண்டாம் என்று நாங்கள் பெரியவர்கள் சொல்லிவிடுகிறோம். பொங்கல் போட்டிகளுக்கு இப்போதே நோட்டீஸ் ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள், அதற்குள் இந்தக் கடிதத்தைப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
பழைய கால்பந்து ஆட்டக்காரர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்