பெயரை மட்டும் நம்பும் கைப்பேசிகள்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. வளாக வைஃபை பொறுப்பு உன்னிடம் வந்ததற்கு வாழ்த்துச் சொல்வதா, ஆறுதல் சொல்வதா என்று யோசிக்கிறேன். கணிப்பொறித் துறையில் பாடம் நடத்துகிறவர் தலையில் இதையும் சேர்த்துக் கட்டிவிடுவது எல்லாக் கல்லூரிகளிலும் உள்ள வழக்கம்தான். சம்பளம் மட்டும் பழைய சம்பளமாகவே இருக்கும்.

விடுதியில் சிக்னல் முழுதாகக் காட்டியும் எதுவும் திறப்பதில்லை என்று எழுதியிருந்தாய். ஆக்சஸ் பாயிண்டுகளை, அதாவது வைஃபை அலையைப் பரப்பும் பெட்டிகளை, நடைபாதையில் வரிசையாக மாட்டியிருக்கிறார்களா என்று முதலில் பார். கேபிள் செலவு குறையும் என்று அப்படித்தான் செய்வார்கள். இடையில் சுவர் இல்லாததால் அவை ஒன்றின் அலையில் ஒன்று குறுக்கிடும். அறைக்குள் இருப்பவளுக்கோ மிச்சம்மீதிதான். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் (உட்பிரிவுகள்) 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அலைபரப்பும் திறனைக் கூட்டிவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் சம்மதிக்காதே. ஆக்சஸ் பாயிண்ட் எவ்வளவு உரக்கப் பேசினாலும் கைப்பேசியின் மெல்லிய பதில் அதன் காதுக்கு எட்ட வேண்டுமே. முடிந்தவரை எல்லோரையும் சேனல்கள் அதிகமுள்ள 5 கிகாஹெர்ட்ஸுக்கு நகர்த்து.

துறைக்கு ஒரு வைஃபை பெயர் கேட்டுத் துறைத்தலைவர்கள் வருவார்கள். ஒவ்வொரு ஆக்சஸ் பாயிண்டும் ஒவ்வொரு பெயரையும் விநாடிக்குச் சுமார் பத்து முறை, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் அறிவித்துக்கொண்டிருக்கும். பெயர்கள் பெருகினால் யாரும் ஒரு பக்கம்கூடத் திறக்காமலேயே நேரத்தில் பெரும்பகுதி அதற்குப் போய்விடும். இரண்டு மூன்று பெயர்களோடு நிறுத்திக்கொள். 1, 2 மெகாபிட் என்ற அந்தக் குறைந்த வேகங்களையும் அணைத்துவிடு.

இன்னொன்று நிச்சயம் நடக்கும். ஒரு நாள் ஒரு மாடி முழுவதும் ‘இணைக்கப்பட்டது, இணையம் இல்லை’ என்று காட்டும். எவளோ வீட்டிலிருந்து ஒரு ரூட்டரைக் கொண்டுவந்து, சுவரிலிருந்து வரும் கேபிளை அதன் வான் (WAN, வெளி இணைப்புக்கான) துளையில் செருகாமல் லான் (LAN, உள் இணைப்புக்கான) துளையில் செருகியிருப்பாள். உடனே அந்த ரூட்டர் மாடிக்கே தன் சொந்த இணைய முகவரிகளை வழங்கத் தொடங்கிவிடும். எங்கள் விடுதியில் நடந்தபோது, ஒரு மாணவியின் மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன்: எங்கள் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 192.168.0 என்று தொடங்கும் எண். அதில் கேட்வேயின் (வெளியே போகும் வழியாக மடிக்கணினி நம்பும் சாதனத்தின்) மேக் முகவரியை, அதாவது வன்பொருள் எண்ணை, குறித்துக்கொண்டு, அது கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்சின் எந்தப் போர்ட்டில் தெரிகிறது என்று தேடினால் அறை எண்ணே கிடைத்துவிடுகிறது. ஸ்விட்சுகளில், அனுமதியில்லாத சாதனம் முகவரி வழங்குவதைத் தடுக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங் வசதியை இயக்கிவிட்டால் இந்த அலைச்சலே வேண்டாம். ரூட்டரைப் பறிமுதல் செய்யத் துடிக்கும் வார்டனைத்தான் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும். அறைக்குள் சிக்னல் ஒழுங்காக வந்திருந்தால் அந்தப் பெண் ஏன் ரூட்டரைச் சுமந்து வரப்போகிறாள்?

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது கடவுச்சொல் பற்றி. வளாகம் முழுவதற்கும் ஒரே கடவுச்சொல் என்று எழுதியிருந்தாய். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் அந்தச் சொல்லை அறிந்த ஒருவர், நீ இணையும் கணத்தையும் பிடித்துவிட்டால், காற்றில் போகும் உன் தரவின் பூட்டைத் திறந்துவிடலாம். படிப்பு முடித்துப் போனவர்களும் அதை அறிவார்கள். ஆளுக்கொரு கணக்கு கொடுத்து, 802.1எக்ஸ் என்ற உள்நுழைவு முறையில், கணக்குகளுக்குப் பொறுப்பான ரேடியஸ் சர்வர் ஒவ்வொருவரையும் சரிபார்க்கும்படி மாற்றிவிடு.

அதோடு முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். மரத்தடியில் ஒருவன் உங்கள் வைஃபையின் பெயரையே தன் மடிக்கணினிக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், கைப்பேசி பெயரை மட்டும் பார்த்து அவனிடம் போய் நிற்கும். சர்வரின் சான்றிதழை, அதாவது அது உண்மையான சர்வர்தான் என்று காட்டும் டிஜிட்டல் அடையாளத்தை, சரிபார்க்கச் சொல்லி வைக்காத கைப்பேசி, கடவுச்சொல்லின் தடயத்தை அவன் கையில் கொடுத்துவிடும். கடவுச்சொல்லைச் சரிபார்க்கப் பரவலாகப் பயன்படும் எம்எஸ்சாப்வி2 முறையில் அதை உடைப்பது, டெஸ் என்ற பழைய, பலவீனமான குறியாக்கத்தின் ஒற்றைச் சாவியைத் தேடும் வேலைதான் என்று 2012-லேயே காட்டிவிட்டார்கள். 2020 இறுதியில் ஆண்ட்ராய்டு 11 ‘சரிபார்க்க வேண்டாம்’ என்ற தேர்வை எடுத்துவிட்டபோது கல்லூரிகள் பலவற்றில் புலம்பல் கேட்டது. எனக்கென்னவோ நிம்மதிதான். சேர்க்கை நாளிலேயே அமைப்புச் செயலி மூலம் சான்றிதழோடு கைப்பேசியைத் தயார்செய்து அனுப்பு. மாணவர்களே அமைத்துக்கொள்ளட்டும் என்று விட்டால் பாதிப் பேர் தப்பாகத்தான் வைப்பார்கள்.

சின்னவள் நெதர்லாந்தில் முதுகலை படிக்கிறாள். போன மாதம் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனபோது கைப்பேசி தானாகவே இணைந்ததாம், ஆச்சரியப்பட்டாள். எடுரோம்தான், பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ளும் வைஃபை. 2002-இல் நெதர்லாந்தின் கல்வி வலையமைப்பான சர்ஃப்நெட்டில் இருந்த கிளாஸ் வீரெங்கா முன்வைத்த யோசனை, இன்று நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. போன இடத்து சர்வர் அவள் பயனர்பெயரில் @ குறிக்குப் பின்னால் உள்ளதை மட்டும் பார்த்து, சொந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கேள்வியை அனுப்பிவிடுகிறது. கடவுச்சொல்லை அது பார்ப்பதே இல்லை. இந்தியாவில் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பான எர்நெட் இதை நடத்துகிறது. உங்கள் முதல்வரிடம் பேசிப் பார்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கணிப்பொறி அவசரகாலக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி வலையமைப்பின் பதிவுகளை (லாக்) 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவுகளில் யார் எந்தக் கட்டடத்தில் எத்தனை மணிக்கு இருந்தார்கள் என்பது தெரியும். அதை வைத்து வருகைப்பதிவு எடுக்கலாமே, எந்தப் பெண் எங்கே போனாள் என்று பார்க்கலாமே என்று யாராவது நிச்சயம் வருவார்கள். இங்கேயும் வந்தார்கள். எழுத்தில் கேளுங்கள், பதிவாளர் கையெழுத்தோடு கேளுங்கள் என்றேன். அதன்பின் யாரும் வரவில்லை. நீயும் அதையே சொல்.

கோடை விடுமுறையில் ஒரு வாரம் அம்மாவோடு இருக்கப் போகிறேன். நீயும் வா. வரும்போது விடுதியின் மாடிப்படத்தை மறக்காமல் எடுத்து வா. எங்கே மாட்டுவது என்று சேர்ந்து குறித்துவிடலாம்.

அன்புடன்,
கோமதி