தம்பி சோம்பேறி அல்ல

குமுளி

அன்புள்ள மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். ஐயப்ப சீசன் தொடங்கிவிட்டதால் கடையில் நிற்க இடமில்லை, அம்மாவும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள்.

போனில் நீ தம்பியைப் பற்றிச் சொன்னது உறுத்திக்கொண்டே இருக்கிறது. "காதில் குரல் கேட்பதுதான் நின்றுவிட்டதே, மாத்திரையும் தவறாமல் சாப்பிடுகிறான், அப்புறமும் பாதி வேலையில் நின்றால் அது சோம்பேறித்தனம்தானே?" என்றாய். இல்லையம்மா.

நேற்று ஒரு சாமி வந்து, ஏலக்காய் நூறு கிராம், மிளகு கால் கிலோ, நேந்திரம் சிப்ஸ் அரைக் கிலோ என்று ஒரே மூச்சில் கேட்டார். தம்பி ஏலக்காயைச் சரியாக நிறுத்துக் கட்டினான். மிளகு மூட்டைவரை போனான். அள்ளும் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். எவ்வளவு என்பது போய்விட்டது. முகமெல்லாம் வியர்வை. வேலைக்குச் சுணங்குகிறவனுக்கு ஏன் வியர்க்கிறது?

கேட்டதைச் சில நொடிகள் மனதில் பிடித்துவைத்து, அதைக் கொண்டே காரியம் செய்வதைச் செயல் நினைவு என்கிறார்கள். தம்பிக்கு இருக்கும் மனச்சிதைவு நோயில் பலருக்கும் அடிபடுவது அதுதான். 1950களில் குளோர்புரோமசின் வந்ததிலிருந்து இந்த மாத்திரைகள் பெரும்பாலும் டோபமைன் என்ற மூளை ரசாயனத்தின் வேலையைத் தடுத்தே குரல்களையும் சந்தேகங்களையும் அடக்குகின்றன. செயல் நினைவுக்கு அவற்றால் பெரிய பலன் இல்லை. மாத்திரைதான் மறதிக்குக் காரணம் என்று உன் சித்தப்பா சொல்வதும் முழு உண்மையல்ல. மருந்தே தொடாத புது நோயாளிகளிடமும் இந்தக் குறை உண்டு. ஆனால் கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் ஞாபகத்தை இன்னும் மந்தமாக்கும். அதை டாக்டர் சிறிது சிறிதாகக் குறைத்துவருகிறார்.

எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இப்போது வந்தது இரண்டு எழுத்துக்கு முன் வந்ததுதானா என்று கேட்பது ஒரு சோதனை. அப்போது எஃப்எம்ஆர்ஐ கருவியில் மூளையின் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பார்கள். இந்தக் கருவி வருவதற்கு முன், 1980களில் வேறு முறைகளில் செய்த ஆய்வுகளில், இவர்களுக்கு நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதி போதிய அளவு வேலை செய்யவில்லை என்றுதான் தெரிந்தது. பிறகு வந்த ஆய்வுகள் சிலவற்றில் விஷயம் வேறு மாதிரி இருந்தது: எளிய சோதனைக்கே அந்தப் பகுதி மற்றவர்களைவிட அதிகமாக உழைக்கிறது, சுமை கூடியதும் சட்டென்று தளர்ந்துவிடுகிறது. நம் மலைப்பாதையில் முதல் கியரில் உறுமிக்கொண்டு ஏறும் பழைய ஜீப்பில் இன்னும் இரண்டு மூட்டை ஏற்றினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். நோயில்லாத உடன்பிறந்தவர்களிடமும் இதன் சாயல் லேசாகத் தென்படுவதுண்டாம். சாவியைத் தேடும்போது நினைத்துக்கொள்!

மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். கட்டியோ காயமோ இல்லை என்று தொடக்கத்திலேயே பார்த்தாகிவிட்டது. ஆய்வுகள் சொல்வதெல்லாம் கூட்டத்தின் சராசரி. ஒரு தனி ஆளின் மறதியை ஸ்கேன் படத்தில் அளக்க இன்று முடியாது. அந்தப் பணம் வீண்.

இப்போது கேட்பதைச் சீட்டில் எழுதி, தராசுக்கு மேலே கிளிப்பில் மாட்டிவிடுகிறேன். ஒரு பொருளைக் கட்டியதும் அந்த வரியை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறான். கூட்டம் அதிகமானால் பின்கட்டில் ஏலக்காய் தரம் பிரிக்க அனுப்பிவிடுவேன். வெடித்த காய், நிறம் வெளுத்த காய் ஒன்றுகூட அவன் கண்ணுக்குத் தப்பாது. அங்கே எதையும் ஞாபகம் வைக்க வேண்டியதில்லை, எதிரில் இருப்பதைப் பார்த்தால் போதும்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, அம்மா எங்கே என்று அடுக்கிக் கேட்காதே. ஒன்றைக் கேள், பதில் வரும்வரை காத்திரு. சித்திரா பௌர்ணமிக்கு வருவதாக இருந்தால் தேதியை மட்டும் அவனிடம் சொல். எந்த ரயில், எத்தனை மணி என்பதையெல்லாம் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
அப்பா