பேண்டு மாஸ்டரின் மகன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. எனக்கும் முழங்கால் வலி இப்போது தேவலை.

சின்னவன் கீபோர்டைக் கையை மடக்கிக் குத்துகிறான், எவ்வளவு திட்டினாலும் கேட்பதில்லை என்று எழுதியிருந்தாயே, படித்ததும் எனக்குச் சார்லஸ் ஐவ்ஸ் ஞாபகம்தான் வந்தது. அமெரிக்காவில் கனெடிகட் மாநிலத்து டான்பரியில் 1874இல் பிறந்த இசையமைப்பாளர். அவருடைய அப்பா ஜார்ஜ், உள்நாட்டுப் போரில் பேண்டு மாஸ்டராக இருந்தவர். ஒருநாள் அவர் வீட்டுக்குள் நுழைகிறார், பையன் பியானோவை முஷ்டியால் குத்திக்கொண்டிருக்கிறான். பேண்டில் கேட்ட டிரம் சத்தத்தை அதில் கொண்டுவரப் பார்க்கிறான்! அப்பா திட்டவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தால் தப்பில்லை என்று சொல்லி, தன் பேண்டில் டிரம் வாசித்த முடிதிருத்துநரிடம் அனுப்பினார். முடிவெட்டும் கடையில் ஒரு காலித் தொட்டியைத் தட்டித்தான் பையனுக்குத் தாளப் பாடம்.

அந்த அப்பாவை நினைத்தால் எனக்கு ஆசையாக இருக்கிறது. பியானோவில் ஒரு சுருதியில் வாசித்துக்கொண்டே, பிள்ளைகளை வேறு சுருதியில் பாடச் சொல்வாராம். கொட்டும் மழையில் தொப்பிகூட இல்லாமல் நின்று பக்கத்துத் தேவாலய மணியைக் கேட்பார், ஓடி வந்து பியானோவில் அந்த ஒலியைத் தேடுவார், கிடைக்காமல் மறுபடி மழைக்கே ஓடுவார். ஆனால் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசை, ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் ஹார்மனி எல்லாவற்றையும் முறைப்படி சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

14 வயதில் சார்லஸ் தேவாலயத்தில் சம்பளத்துக்கு ஆர்கன் வாசித்தார். 1894இல் யேல் பல்கலைக்கழகம் போனார். போய்ச் சில வாரங்கள்தான், நவம்பரில் அப்பா இறந்துவிட்டார். 49 வயது. யேலில் இசைப் பேராசிரியர் ஹொரேஷியோ பார்க்கர் நல்ல ஆசிரியர்தான், ஆனால் கண்டிப்பானவர். சிம்பொனி எழுதிக் காட்டினால் சுருதி இத்தனை தடவை மாறக் கூடாது என்பார். இரண்டு சுருதிகளை ஒன்றாகக் கேட்டு வளர்ந்த பிள்ளை, வீட்டுக்குப் போய் யாரிடம் சொல்லியிருக்கும்? இதை நினைத்து எனக்கு இரண்டு நாள் மனசே சரியில்லை.

சரி, சின்னவனை இனிமேல் திட்டாதே. அவன் குத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேள், எந்தத் தாளத்தைத் தேடுகிறான் என்று பார். உங்கள் தெருவில் டிரம் சொல்லித்தருகிறவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்து எழுது. முதல் மாதச் சம்பளம் நான் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்