பள்ளத்தூர் வீட்டில் ஒன்பது இரவுகள்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

இந்த மே மாதம் பள்ளத்தூரில் எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், வீட்டில் 37 பேர் ஒன்பது இரவுகள் ஒன்றாகத் தங்கினோம். அதற்குத் துணை நின்றவர்களிடம் கிளம்பும்போது அவசரமாகக் கைகூப்பியது எனக்குப் போதவில்லை. ஊரறியச் சொல்ல வேண்டும்.

எங்கள் செட்டிநாட்டு வீடுகளை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஐயாவுக்கு ஐந்து மகன்கள். திருமணமானதும் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை, தனிச் சமையல். வளவு என்கிற நடு முற்றமும் பட்டாலை என்கிற கூடமும் எல்லோருக்கும் பொது. அந்த அறைச் சாவிகள் இந்த மே வரை சென்னை, கோவை, பினாங்கு என்று சிதறிக் கிடந்தன. கல்யாணத்துக்கு வீடு திறக்கும். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குப் பங்காளிகள் கூடுவோம். சாப்பிட்டுக் கைகழுவியதும் கார்கள் கிளம்பிவிடும். பார்த்துக்கொள்கிறோம், கூட இருப்பதில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது முழுப்பரீட்சை முடிந்த கையோடு ரயிலேறிவிடுவோம். கோடை முழுக்க அந்த வீடுதான். அப்பத்தா மாடியில் கூழ்வற்றல் பிழிந்துவிட்டுக் காக்கை விரட்ட எங்களை உட்காரவைப்பார். பாதி காய்ந்த வற்றலை அடியிலிருந்து உரித்துத் தின்னும் ருசி வேறெதிலும் இல்லை. மத்தியான வெயிலில் ஆத்தங்குடிக் கல் தரையில் கன்னத்தை வைத்துப் படுப்போம். சூடேறியதும் அடுத்த கல்லுக்கு நகர்வோம். இரவில் வளவைச் சுற்றிப் பாய் விரித்தால் யார் யாருக்குப் பக்கத்தில் என்று பெரிய சண்டையே நடக்கும். சென்னையில் அளந்து பேசும் என் அப்பச்சி (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), அண்ணன் தம்பிகளுக்கு நடுவில் படுத்த பிறகு இருட்டில் பாடுவார். அவருக்குப் பாட வரும் என்பதே எனக்கு அங்கேதான் தெரியும்.

என் முதல் நன்றி, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு. 22 ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை தவறாமல் முகப்பைத் திறந்து, பெருக்கி, விளக்கேற்றி வருகிறார். எந்தக் காற்றுக்கு எந்த ஓடு நகரும், எந்த மழைக்கு எந்த மூலை ஒழுகும் என்பது உரிமைக்காரர்களான எங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் கலந்து பூசிய எங்கள் சுவர்கள் இன்னும் பளபளப்பது, ஒழுகிய இடத்தில் அவர் ஓடிப்போய் அண்டா வைத்ததால்தான். கடைசி நாள் பந்தியில் அவரை உட்காரவைத்து நாங்கள் பரிமாறினோம். எப்போதோ செய்திருக்க வேண்டியது, அக்கா. மன்னியுங்கள்.

அடுத்தது காரைக்குடியிலிருந்து வந்த பூட்டுக்காரர். அப்பச்சி போன பிறகு அவருடைய அறைச் சாவி எங்கே என்று ஆத்தாவுக்கும் தெரியவில்லை. கதவை அறுத்துவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னோம். “பர்மாத் தேக்கு ஆச்சி, பூட்டுக்காக இதில் ரம்பம் வைக்கக் கூடாது” என்று அவர் அரை நாள் குந்தியிருந்து திறந்தார். உள்ளே ஒரு பித்தளைத் தூக்கு, பல்லாங்குழிப் பலகை, ஓலைக் கொட்டான் நிறையச் சோழிகள். அப்பச்சி எங்களுக்காக எடுத்து வைத்தவை. பூட்டுக்காரரே, நீங்கள் கூலியைக் குறைத்து வாங்கிக்கொண்டதையும் மறக்கவில்லை.

உடைந்த தரைக்கு 11 கற்கள் வார்த்துத் தந்த ஆத்தங்குடித் தொழிலாளர்களுக்கு நன்றி. கண்ணாடிமேல் கையால் சாயம் ஊற்றி வார்க்கிற கல் அது; பழைய பூவின் நிறம் கிடைக்கும்வரை விடவில்லை. மோட்டார் பழுதான இரண்டு நாளும் குழாய் போட்டுத் தண்ணீர் விட்ட பக்கத்து வீட்டாருக்கு நன்றி. சமைத்துப் போட்ட ஆச்சிக்குத் தனியாக ஒரு கும்பிடு. படி நிறைய பச்சரிசி அளந்து, அதன் தலையில் கோபுரமாக உளுந்தைக் குவிப்பதுதான் வெள்ளைப் பணியாரத்தின் கணக்கு என்று பிள்ளைகள் கையாலேயே அளக்கவைத்தார். கருப்புக் கவுனி அரிசியை முதல் நாளே ஊறவைக்க இப்போது என் மகள் எனக்கு நினைவூட்டுகிறாள்.

பினாங்கிலிருந்து 84 வயதில் வந்த பெரியப்பச்சிக்கு எந்தச் சொல்லால் நன்றி சொல்வேன்? நான்காம் நாள் கோடைமழை கொட்டியது. நான்கு பக்கக் கூரையிலிருந்தும் வளவுக்குள் தண்ணீர் விழ, சக்கர நாற்காலியில் இருந்தபடியே “அண்டாவை வையுங்கள், கிடாரத்தை வையுங்கள்” என்று எங்கள் ஐயாவைப் போலவே அதட்டினார். பிள்ளைகள் நனைந்து கூத்தாடினார்கள். அன்றிரவு மின்சாரம் இல்லை. பாய்கள் வரிசையாக விரிந்திருந்தன. எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்தோ என்னவோ, அவர் மெல்லிய குரலில் பாடத் தொடங்கினார். அப்பச்சியின் பாட்டு.

முடிந்ததும் இருட்டில் என் மகளின் குரல் கேட்டது: “ஐயா, இன்னொரு தடவை.”

அவர் மறுபடி முதலிலிருந்து பாடினார்.

ஐந்து சாவிகளும் இப்போது ஒரே கொட்டானில் அக்காவிடம் இருக்கின்றன.

நன்றியுடன்,
மூன்றாம் புள்ளியின் மகள்