செயலாளரின் ஆண்டறிக்கை: சின்ன இயங்குதளங்களோடு ஓர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு நண்பர் எழுந்து கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். "நம்ம ஊரில் லினக்ஸ் வைத்திருப்பவரையே தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதில் பிஎஸ்டி, பிளான் 9 என்று பேர்கூடத் தெரியாததை எல்லாம் ஏன் கட்டி இழுக்கிறோம்?" நியாயமான கேள்வி. இவை எல்லாமே விண்டோஸைப் போலக் கணினியை இயக்கும் இயங்குதளங்கள். பிஎஸ்டி என்பது யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழி வந்த ஒரு குடும்பம்; ஓபன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி எல்லாம் அதில் அடக்கம். அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இந்த ஆண்டுக் கூட்டங்களை அந்தக் கேள்விக்கே ஒதுக்குவது என்று செயற்குழுவில் முடிவு செய்தோம்.

வழக்கம்போல் இரண்டாம் ஞாயிறுகளில் கும்பகோணத்தில் கூடினோம். ஐப்பசியில் மழை வலுத்து, மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கத்து நண்பர்கள் கிளம்ப முடியாமல் போனதால் ஒரு கூட்டம் மட்டும் நடக்கவில்லை.

ஆண்டின் பெரிய வேலை கூட்டத்தில் நடக்கவில்லை, நீடாமங்கலம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் நடந்தது. நெல் வரவு, அரைவைக் கூலி, தவிடு விற்பனை எல்லாமே அங்கே, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் ஒரு பழைய நிரலில்தான். அதை எழுதிக் கொடுத்தவர் இப்போது எங்கிருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. சம்பா அறுவடை மும்முரத்தில் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. நல்லவேளையாக நிரலும் கணக்கும் ஒரு சிடியில் இருந்தன. புதுக் கணினி, புது மென்பொருள் என்று பலரும் யோசனை சொன்னார்கள். பழைய பாக்கிக் கணக்கை அதில் ஏற்ற யாருக்கும் வழி தெரியவில்லை.

நாங்கள் மூன்று பேர் போய் வேறொரு டிஸ்க் மாட்டி ஃப்ரீடாஸ் நிறுவினோம். மதியம் உட்கார்ந்தோம், இருட்டுவதற்குள் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் கறகறவென்று ரசீது அடித்தது. வாசலில் மூட்டையோடு காத்திருந்த விவசாயிகளுக்கு அன்றே சீட்டு கிடைத்தது. டாஸின் காலம் முடிந்துவிட்டது என்று மைக்ரோசாஃப்ட் சொன்ன 1994-இல், ஜிம் ஹால் என்ற இயற்பியல் மாணவர் அதற்கு ஒரு கட்டற்ற மாற்று வேண்டும் என்று தொடங்கியதுதான் ஃப்ரீடாஸ். 2022-இல்கூட 1.3 பதிப்பு வந்திருக்கிறது. யாரோ ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டதால் நம் ஊர் ஆலை ஒன்றின் கணக்கு பிழைத்தது. கேள்வி கேட்ட நண்பரும் அன்று எங்களோடு வந்திருந்தார் என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

பிளான் 9 பற்றிய கூட்டத்துக்கு ஆள் குறைவாகத்தான் வந்தார்கள். வராதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸை உருவாக்கியவர்களே அடுத்ததாகச் செய்த இயங்குதளம் அது. பெரிதாகப் பரவவில்லை. ஆனால் அதில் வேலை செய்துகொண்டிருந்த கென் தாம்ஸனும் ராப் பைக்கும்தான் 1992 செப்டம்பரில் யூடிஎஃப்-8 குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளைக் கணினியில் பைட்டுகளாகப் பதியும் முறையை, வடிவமைத்தார்கள். நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் தாம்ஸன் அதை எழுதிக் காட்டினாராம். சில நாட்களில் மொத்த பிளான் 9-உம் அதற்கு மாறிவிட்டது.

இன்று நாம் வாட்ஸ்அப்பில் தமிழில் "சாப்டாச்சா" என்று கேட்பது அந்தக் குறியாக்கத்தில்தான் போகிறது. கூட்டத்தில் 'காவிரி' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தோம். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் எழுத்தும் உயிர்க்குறியும் தனித்தனி என்பதால் ஆறு குறியீடு. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 18 பைட். மன்னார்குடியிலிருந்து வரும் ஆசிரியை அக்கா இதை அப்படியே பத்தாம் வகுப்புக்குக் கொண்டுபோய்க் கரும்பலகையில் போட்டுக் காட்டியதாகச் சொன்னார்கள்.

ஓபன்பிஎஸ்டிக்கு இரண்டு கூட்டங்கள். உலகத்தில் சர்வர் வைத்திருப்பவர்கள் தூரத்திலிருந்து உள்ளே நுழையப் பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எச், 1999-இல் அந்தச் சின்னக் குழுவிடமிருந்து வந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளுக்குள் யாரோ திருட்டுவழி வைத்தது தெரியவந்ததே, அதையும் அங்கே விளக்கினோம். டெபியன், ரெட்ஹேட் வகை லினக்ஸ்களில் எஸ்எஸ்எச் சேவை சுற்றுவழியாக அந்த எக்ஸ்இசட் நிரலையும் இழுத்துக்கொள்ளும், திருட்டுவழியின் குறி எஸ்எஸ்எச் மேல்தான். ஓபன்பிஎஸ்டியில் அந்த இணைப்பே கிடையாது. வலங்கைமானிலிருந்து வரும் விவசாய நண்பர் உடனே, "ஒரே ரகத்தைத் தொடர்ச்சியாக நட்டால் புகையான் பூச்சி வயலுக்கு வயல் தாண்டும்" என்றார். அதற்கு மேல் எனக்கு விளக்க எதுவும் இல்லாமல் போயிற்று.

பள்ளி ஒன்று கழித்துக்கட்டிய 32 பிட் கணினிகள் மூன்று நமக்கு வந்தன. 2025-இல் வந்த டெபியன் 13 இவற்றுக்கான நிறுவியை நிறுத்திவிட்டது. நெட்பிஎஸ்டி 10 தயங்காமல் ஏறியது. அதன் நேரக் கணக்கு 2012-இலேயே 64 பிட்டுக்கு மாறிவிட்டதால் 2038 ஜனவரியில் 32 பிட் நேரக் கணக்கு நிரம்பித் தேதி குழம்பும் சிக்கலும் இல்லை. பிள்ளைகள் இப்போது அவற்றில் சி நிரல் பழகுகிறார்கள். யூடியூப் பார்க்க அவை உதவாது. கேட்டு வரும் பெற்றோரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

குறைகளும் உண்டு. வைஃபை சிப்புக்கு டிரைவர் தேடியே பல ஞாயிறுகள் போயின. கடைசியில் யுஎஸ்பி வைஃபை வாங்கி மாட்டினோம். புதிதாக வருபவரிடம் நேராக பிஎஸ்டியை நீட்டுவதும் தவறு என்று படுகிறது. சென்ற ஆண்டு அப்படிச் செய்ததால் இரண்டு இளைஞர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அது என் பிழை. இனி லினக்ஸில் கை பழகிய பிறகே இங்கே அழைத்து வருவோம்.

ஹைகூ என்ற இன்னொரு சின்ன இயங்குதளத்துக்கு ஒரு கூட்டம் நடந்தது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருந்தது. அப்புறம், நாம் தினமும் பயன்படுத்தும் இந்த மென்பொருள்களுக்குத் திருப்பிக் கொடுப்பது பற்றியும் பேசினோம். சங்க நிதியிலிருந்து ஓபன்பிஎஸ்டிக்கும் நெட்பிஎஸ்டிக்கும் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை அனுப்பலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. தொகையைப் பொதுக்குழு இன்று முடிவு செய்யலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

வரும் ஆண்டு ஃப்ரீபிஎஸ்டியில் இசட்எஃப்எஸ் என்ற, கோப்புகளைச் சேமிக்கும் முறையை வைத்து, ஊர்க் கோயில் கல்வெட்டுப் படங்களைச் சேமிக்கும் ஒரு சர்வர் அமைக்க விருப்பம். 4 டிபி டிஸ்க் இரண்டு தேவை. தர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

இடம் கொடுத்த நூலகத்தாருக்கும், மாதம் தவறாமல் தேநீர் கொடுத்த எதிர்க்கடை அண்ணனுக்கும் நன்றி. அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்